மூன்றாம் கவுண்டரின் சிவப்பு முகம்

"மூணாம் கவுண்டர், சிவப்பு பத்தொன்பது."

வாசித்துவிட்டுக் கண்காணிப்பாளர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். அவர் அப்படி இறக்கினால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

மூன்றாம் கவுண்டர்க்காரர் ரப்பர் ஸ்டாம்பை மைத்தட்டில் ஒற்றிக்கொண்டிருந்தார். கை ஒற்றியபடியே நின்றுவிட்டது.

"பத்தொன்பதா சார்?"

"நேத்து ஒரே நாள்ல. ஒண்ணாம் கவுண்டர்ல ரெண்டு, ரெண்டாம் கவுண்டர்ல மூணு. உங்ககிட்ட மட்டும் ஜனங்களுக்கு என்னய்யா இவ்வளவு கடுப்பு?"

அந்த அலுவலகத்தில் மொத்தமே மூன்று கவுண்டர்கள். ஒன்றில் பிறப்புச் சான்றிதழ், இரண்டில் திருமணச் சான்றிதழ், மூன்றில் இறப்புச் சான்றிதழ். ஒரு வாரத்துக்கு முன் மேலிடத்திலிருந்து மூன்று சின்ன இயந்திரங்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் மூன்று முகங்கள். சிரிக்கும் பச்சை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் மஞ்சள், வாய் கோணிய சிவப்பு. வேலை முடிந்து போகிற பொதுமக்கள் தங்கள் மனநிறைவுக்கு ஏற்ற முகத்தை அழுத்திவிட்டுப் போகவேண்டும். பின்பக்க மூடியைத் திறந்தால் எண்ணிக்கை தெரியும். திறக்கும் சாவி கண்காணிப்பாளரின் இடுப்பில் இருந்தது. தினமும் காலை பத்து மணிக்குத் திறந்து, ஊர் கேட்க வாசித்து, எண்ணைப் பூஜ்யமாக்குவார்.

மாதக் கடைசியில் யாருடைய கவுண்டரில் சிவப்பு அதிகமோ அவருக்குக் கிளை அலுவலகத்துக்கு மாற்றல். பஸ்ஸில் போக மட்டும் இரண்டரை மணி நேரம்.

"சார், ஒண்ணாம் கவுண்டருக்கு வர்றவங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கு. ரெண்டாவதுக்கு வர்றவங்களுக்குப் புதுசா கல்யாணம். என்கிட்ட வர்றவங்க எந்தச் சந்தோஷத்துல சார் பச்சையை அழுத்துவாங்க?"

"எண்ணு பொய் சொல்லாதுய்யா," என்றார் கண்காணிப்பாளர். மனிதர்களைவிட எண்களோடு அவருக்கு ஒட்டுதல் அதிகம்.

அவர் போனதும் மூன்றாம் கவுண்டர்க்காரர் இயந்திரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்பு முகத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பதினெட்டு வருடம் ஸ்டாம்பு குத்தியதில் அவருடைய வலது கட்டைவிரல் நிரந்தரமாக ஊதா நிறம். அலுவலகத்தில் அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். உண்மையில் அவர் உள்ளுக்குள் கலகலப்பான ஆள்தான். அந்தத் தகவல் முகத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை, அவ்வளவே.

ஐந்து மணிக்குத் துப்புரவுப் பணிக்கு வாளியம்மா வந்தார். வாளியும் அவரும் பிரிந்து யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர். அவர் தரையைத் துடைத்து முடிப்பதற்குள் எல்லோரும் ஈரத்தில் தடம் பதித்துக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுவார்கள். காய்கிறவரை நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் உம்மணாமூஞ்சி ஒருவர்தான். அன்றைக்குக் காலைத் தூக்கிக்கொண்டே கவலைப்பட்டார்.

அவருடைய கவலை மாற்றல் இல்லை, மனைவி. பதினைந்து வருடத்துக்குப் பிறகு அவள் திரும்பப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். தினமும் மாலை ஆறு மணிக்கு வகுப்பு. ஆறு மணிக்கு இவர் வீட்டில் இருந்தால்தான் எட்டு வயது மகளை விட்டுவிட்டு அவள் போகமுடியும். இவர் கிளை அலுவலகத்திலிருந்து ஏழரைக்கு மேல் வந்து நின்றால் அவள் படிப்பு அன்றோடு சரி. முதல் நாள் வகுப்புக்குக் கிளம்பும்போது புதுப் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் மூன்று தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தாளே, அந்த முகம் அவர் கண்ணிலேயே நின்றது.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். மனைவி அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நோட்டை எடுத்தாள்.

"ஏங்க, எங்களுக்கு இப்ப நடக்கிற பாடமே இதுதாங்க. ஆய்வு முறைகள். எதையாவது அளந்து ஒரு செயல்திட்டம் எழுதித் தரணும். எதை அளக்கிறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க கிடைச்சீங்க."

"நான் என்ன துணியா அளக்கிறதுக்கு?"

"ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம். அப்பதான் எதனால எது நடந்துச்சுன்னு தெரியும். நாளைக்கு ஒரு நாள் வர்றவங்களைப் பாத்துச் சிரிங்க. வேற எதையும் மாத்தாதீங்க."

"எனக்குச் சிரிக்க வராதே."

மகள் அப்பாவின் இரண்டு கன்னத்தையும் பிடித்து இழுத்து, "இவ்வளவு போதும்ப்பா," என்று அளவு காட்டினாள்.

மறுநாள் முதல் ஆளாக ஒரு தடித்த மனிதர் விண்ணப்பத்தை நீட்டினார். உம்மணாமூஞ்சி மகள் காட்டிய அளவுக்குச் சிரித்தார். மனிதர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை.

"எங்கப்பா செத்தது உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

"ஐயோ, இல்லைங்க, இது வந்து, ஒரு ஆராய்ச்சி..."

"எங்கப்பாவை வச்சு ஆராய்ச்சி வேற பண்றீங்களா!"

அடுத்த நாள் காலை கண்காணிப்பாளர் வாசித்தார். "மூணாம் கவுண்டர், சிவப்பு முப்பத்தொண்ணு."

மனைவி நோட்டில் எழுதிக்கொண்டாள். முகம் வாடவில்லை. பார்க்கப்போனால் கொஞ்சம் மலர்ந்தே இருந்தது.

"நல்ல முடிவுங்க."

"இதுல எது நல்ல முடிவு?"

"சிரிப்புக்கும் சிவப்புக்கும் தொடர்பு இருக்குன்னு தெரிஞ்சுதே. சரி, சிரிப்பை நிறுத்துங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க, மெஷின் உங்க மூக்குக்கு நேரா இருக்கு. நீங்க அவங்க விரலையே பாக்கிறீங்க. யாராவது நம்மைப் பாக்கிறாங்கன்னு தெரிஞ்சா மனுஷங்க நடந்துக்கிறதே மாறிடும். பயத்துல தப்பு மூஞ்சியை அழுத்தியிருப்பாங்க. மெஷினை அந்தப் பக்கம் தள்ளி வச்சிடுங்க."

மறுநாள் இயந்திரத்தைத் தள்ளி வைத்தார். சரியாக இல்லை என்று திருப்பி வைத்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்து வைத்தார். ஸ்டாம்பு குத்துவதும் இயந்திரத்தை நகர்த்துவதுமாக அன்றைக்குப் பொழுது போனது. வேலை முடிந்து போகிறவர்கள் இயந்திரத்தைத் தேடி, "அழுத்தற மெஷின் எங்கங்க?" என்று கேட்டு, கண்டுபிடித்து, அழுத்திவிட்டுப் போனார்கள். அவர் நாகரிகமாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பு நாற்பத்து நாலு."

ஒன்றாம் கவுண்டர் அக்கா எழுந்தே வந்து விசாரித்தார். "ஏன் சார், யார்கிட்டயாவது சண்டை போட்டீங்களா?"

"இல்லக்கா. கூரையைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அன்று மாலை மனைவி சுவர்க்கடிகாரத்தைக் காட்டினாள். அது தினமும் சரியாகப் பத்து நிமிடம் பின்தங்கி ஓடுகிற கடிகாரம். வீட்டில் எல்லோரும் மனசுக்குள் பத்தைக் கூட்டிக்கொள்வது வழக்கம்.

"இந்தக் கடிகாரம் என்னைக்காவது ஏமாத்துச்சா? தினமும் அதே பத்து நிமிஷம். அதனால இது நம்பகமான கருவி. ஆனா சரியான நேரம் காட்டுதா? இல்ல. அதனால ஏற்புடைய கருவி இல்ல. ரெண்டும் வேற வேற. உங்க மெஷின் எதை அளக்குதுன்னு முதல்ல பாக்கணும். உங்க மேல இருக்கிற கோபத்தையா, செத்தவங்க மேல இருக்கிற துக்கத்தையா?"

"எதை அளந்தா என்ன, மாத்தறது என்னைத்தானே?"

அவள் பேனாவைக் கடித்தாள்.

"அப்ப துக்கத்தைக் குறைச்சுப் பாப்போம். நாற்காலி போட்டு உக்கார வைங்க. தண்ணி குடுங்க. ரெண்டு வார்த்தை அன்பா பேசுங்க. முக்கியமா, பாரபட்சம் கூடாது. இவங்களுக்குச் செஞ்சேன், அவங்களுக்குச் செய்யலைன்னா முடிவு கெட்டுப்போகும். உங்க முன்னாடி யார் வந்து நின்னாலும் ஒரே மாதிரி."

இது அவருக்குச் சிரிப்பைவிட எளிதாக இருந்தது. ஓரத்தில் கிடந்த நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து கவுண்டருக்கு முன்னால் போட்டார். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், இரண்டு டம்ளர். கணவரை இழந்த ஒரு பெண்மணி உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, அவர் எப்படி வெந்நீரில்கூட உப்புச் சரியில்லை என்று குறை சொல்வார் என்பதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். உம்மணாமூஞ்சி மூக்கை உறிஞ்சினார். அடுத்து நின்றவரும் உறிஞ்சினார். வரிசை வாசல்வரை நீண்டது, யாரும் முணுமுணுக்கவில்லை.

ஐந்து மணிக்கு அவர் முன்னால் வாளியம்மா வந்து நின்றார். பாரபட்சம் கூடாது.

"உக்காருங்கம்மா. தண்ணி குடிங்க. முழங்கால் வலி எப்படி இருக்கு?"

வாளியம்மா திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார்.

"நானா சார்? உக்காரவா?"

"நீங்கதான். இனிமே தினமும் இங்க உக்காந்து இளைப்பாறிட்டுத்தான் போகணும். எனக்கு நேரமாச்சு, பொண்ணு காத்திருப்பா." அவர் கிளம்பிவிட்டார். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. நாளைக்குச் சிவப்பு பூஜ்யம்தான் என்று நிச்சயமாக நம்பினார்.

மறுநாள் காலை கண்காணிப்பாளர் இயந்திரத்தின் முதுகை இரண்டு தடவை பார்த்தார்.

"எழுபத்தொண்ணு!"

"சார், நேத்து என்கிட்ட வந்தவங்களே அம்பத்திரண்டு பேர்தான். பதிவேட்டைப் பாருங்க. அம்பத்திரண்டு பேர் எப்படி சார் எழுபத்தொரு தடவை கோபப்படுவாங்க?"

கண்காணிப்பாளர் ஒரு நொடி தடுமாறினார். ஆனால் எண்ணை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"சிலருக்கு ரெண்டு தடவை கோபம் வந்திருக்கும்யா."

இயந்திரம் பழுது பார்ப்பவர் வரவழைக்கப்பட்டார். மூன்று முகங்களையும் பத்துப் பத்துத் தடவை அழுத்தினார். மூன்றிலும் பத்துப் பத்து காட்டியது. "மெஷின் பக்கா சார். ஆளைப் பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது மனைவிக்கே கொஞ்சம் உதறல் எடுத்தது. ஆனாலும் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே யோசித்தாள்.

"ஒரே வழிதான். ஒப்பிட்டுப் பாக்கணும். நீங்க இருந்தா இவ்வளவு, இல்லாட்டி எவ்வளவு? நாளைக்கு லீவு போடுங்க. சிவப்பு குறைஞ்சா, தப்பு உங்ககிட்ட. குறையலைன்னா, தப்பு வேற எங்கயோ."

அவர் லீவு போட்டார். மூன்றாம் கவுண்டரில் 'இன்று இல்லை' பலகை தொங்கியது. அவர் வீட்டில் மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, துணி மடித்து, ஒட்டடை அடித்து, பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக மதியம் தூங்கினார்.

"தொண்ணூத்து மூணு," என்றார் மறுநாள் கண்காணிப்பாளர்.

"சார்! நான் வரவே இல்லையே!"

"அதுக்குத்தான்யா கோபம்! வராத அன்னிக்கே தொண்ணூத்து மூணுன்னா, உங்க மேல ஜனங்களுக்கு எவ்வளவு வெறுப்பு இருக்கணும்? நாளன்னிக்கு மாசக் கடைசி. ஆர்டர் டைப் ஆயிடுச்சு. ஒரு கையெழுத்துதான் பாக்கி."

அன்று மாலை மனைவி வகுப்புக்குக் கிளம்பவில்லை. புதுப் பை ஆணியில் தொங்கியது.

"போய்ட்டு வா," என்றார் அவர்.

"போகலைங்க. எப்படியும் நிக்கப்போற படிப்புதானே."

அவர் பையை ஆணியிலிருந்து எடுத்து அவள் தோளில் மாட்டிவிட்டார். "எண்ணு பொய் சொல்லாதாம். உன் பாடத்துல அதுக்கு என்ன போட்டிருக்கு?"

அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"எண்ணிக்கையை மட்டும் பாத்துட்டு இருந்தோங்க. ஒரு தடவைகூட நேர்ல பாக்கலையே! நாளைக்கு நான் ஆபீசுக்கு வர்றேன். என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது. நான் யாரோ, நீங்க யாரோ."

மறுநாள் காலை பத்தே காலிலிருந்து அவள் மூன்றாம் கவுண்டருக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு விரலும் எந்த முகத்தில் விழுகிறது என்று நோட்டில் கோடு போட்டாள். உம்மணாமூஞ்சி அவளை யாரோபோலப் பார்க்க முயன்று, எல்லோரையும் அவளைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர் அவள் பக்கம் சாய்ந்து கனிவாகக் கேட்டார். "யாரும்மா போயிட்டாங்க?"

அவள் கவுண்டரைப் பார்த்தபடி பெருமூச்சு விட்டாள். "எங்க வீட்டுக்காரர்தாங்க. போறாரா இல்லையான்னு நாளைக்குத்தான் தெரியும்."

பெரியவர் அடுத்த பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்குக் கவுண்டர் மூடியது. எல்லோரும் கிளம்பினார்கள். வாளியம்மா வாளியோடு உள்ளே வர, கணவனும் மனைவியும் யாரோபோல வெளியே வந்து, தெருமுனை திரும்பியதும் நோட்டைப் பிரித்தார்கள்.

"பச்சை நாப்பத்தொண்ணு! மஞ்சள் ஆறு! சிவப்பு எத்தனை தெரியுமா? ஒண்ணே ஒண்ணு. அதுவும் பேனா எழுதலைங்கிற கோபத்துல ஒருத்தர் அழுத்தினது!"

"நாப்பத்தோரு பேருக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

"உங்களை யாருக்குங்க பிடிக்காது?" என்றாள் அவள். நடுத்தெரு என்றும் பார்க்காமல் உம்மணாமூஞ்சி வாய்விட்டுச் சிரித்தார். மகள் காட்டிய அளவைவிட அது பெரிய சிரிப்பு.

மாதத்தின் கடைசி நாள். காலை பத்து மணிக்கு மனைவி நோட்டோடு மூன்றாம் கவுண்டரில் கண்காணிப்பாளர் முன்னால் நின்றாள். இந்தத் தடவை மனைவியாகவே நின்றாள்.

"சார், நேத்து முழுக்க நான் கண்ணால பாத்து எண்ணினேன். சிவப்பு ஒண்ணு. மூடியைத் திறங்க."

கண்காணிப்பாளர் சாவியைப் போட்டுத் திறந்தார். ஒன்றாம் கவுண்டர் அக்காவும் இரண்டாம் கவுண்டர் தம்பியும் எட்டிப் பார்த்தார்கள்.

எண்பத்தெட்டு.

"ஒண்ணு போக மீதி எண்பத்தேழு யாருது சார்?" என்றாள் மனைவி. நோட்டை மூடவில்லை.

"மூணாம் கவுண்டர் ஆச்சேம்மா. யார் பேருக்குச் சான்றிதழ் குடுத்தாரோ அவங்களே நேர்ல வந்து அழுத்திட்டுப் போயிருப்பாங்க." தன் நகைச்சுவையைத் தானே ரசித்துவிட்டுக் கண்காணிப்பாளர் ஆர்டரை எடுத்துப் பரப்பினார். பேனாவைத் திறந்தார்.

அன்று பழைய பதிவேடுகளைத் தூசி தட்டும் நாள் என்பதால் வாளியம்மா காலையிலேயே வந்திருந்தார். கூட்டத்தைக் கண்டு வாளியோடு நெருங்கினார்.

"என்னக்கா, காலையிலேயே கூட்டம்?"

"நம்ம மூணாம் கவுண்டர் சாரைத் தூரமா மாத்துறாங்கம்மா," என்றார் ஒன்றாம் கவுண்டர் அக்கா.

வாளியம்மா கவுண்டருக்கு முன்னால் கிடந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மனசு சரியில்லாதபோது கை சும்மா இருக்குமா? தோளில் கிடந்த ஈரத்துணியை எடுத்து, எதிரே இருந்த இயந்திரத்தைத் தன்பாட்டுக்குத் தேய்க்க ஆரம்பித்தது.

திறந்து கிடந்த மூடிக்குள் எண்பத்தெட்டு எண்பத்தொன்பதானது. தொண்ணூறானது. தொண்ணூற்று நான்கானது. மனைவி கணவரின் சட்டைக் கையைப் பற்றிக்கொண்டாள். கண்காணிப்பாளரின் பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

வாளியம்மா எதையும் கவனிக்கவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஊதாக் கறை படிந்த சிவப்பு முகத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தபடி சொன்னார்.

"மத்தவங்க மெஷினுக்கெல்லாம் ஒரே ஒரு துடைப்புத்தான், ஆனா நான் துடைச்ச தரை காயற வரைக்கும் காலைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருக்கிறவரு, எனக்கு நாற்காலி போட்டு உக்காரச் சொன்ன மனுஷனாச்சே, இவரோட மெஷின்ல ஒரு பொட்டு மை இருக்கலாமான்னுதான் தினமும் சாயங்காலம் இந்த மூஞ்சியை மட்டும் கை ஓயற வரைக்கும் அழுத்தி அழுத்தித் தேய்ச்சேன், அன்னிக்கு அவர் லீவுன்னு தெரிஞ்சதும் கவலையில இன்னும் கொஞ்சம் சேத்தே தேய்ச்சேன்!"